ஒலியட்டை: ஒரு தேவையின் வரலாறு

தாய்ப்பலகையிலேயே ஒலி வசதி இருக்கும்போது தனியாக ஓர் ஒலியட்டை (சவுண்ட் கார்டு) வாங்குவது தகுமா? கணினி வாங்கப் புறப்படும் நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. ஒலியட்டை எதற்காகப் பிறந்தது, அதன் வேலைகள் பின்னர் யார் கைக்கு மாறின என்பதை அறிந்தால் விடை தானே புலப்படும். எனவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதனுள் ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. பிழை நேர்ந்தால் 'பீப்' என்று எச்சரிப்பதற்கு அது போதும். இயல்பாக ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் எழுப்பும். அலுவலகக் கணக்குக்கு இசை எதற்கு என்பதே அன்றைய எண்ணம்.

இக்குறையை முதலில் கருதியவர்களுள் ஒருவர் இசைப் பேராசிரியர் என்பது நாம் கவனிக்கத்தக்கது. கனடாவின் கியூபெக் நகரில், லாவால் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்ட்டின் பிரவேல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம், 1987-இல் தன் இசை அட்டையை வெளியிட்டது. யமஹாவின் சில்லு ஒன்றைக் கொண்டு அது 9 குரல்களை ஒருங்கே இசைத்தது. அச்சில்லின் அடிப்படையான பண்பலைக் கூட்டிசை முறையை 1967-இல் கண்டறிந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங். 1988-இல் சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் குவெஸ்ட் 4' விளையாட்டு இத்தகைய அட்டைகளுக்கான இசையோடு வெளிவர, அட்டைக்கு ஒரு சந்தை உருவாயிற்று.

அச்சந்தையைக் கைப்பற்றியது சிங்கப்பூர். 1981-இல் சிம் வோங் ஹூவும் அவர் நண்பர் இங் கை வாவும் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், முதலில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகவே இருந்தது. சீன மொழியைக் கையாளும் கணினியைச் செய்து விற்கவும் முயன்றார்கள், அது எடுபடவில்லை. 1989-இல் அவர்கள் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டையோ ஆட்லிப்பின் இசையை அப்படியே இசைத்ததோடு, பதிவு செய்யப்பட்ட மனிதக் குரலையும் ஒலித்தது. விளையாட்டுக் கைப்பிடியை இணைக்கும் வாயிலும் அதிலேயே இருந்தது. 1992-இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 குறுந்தகட்டின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்சை எட்டியது. அதே ஆண்டில் ஆட்லிப் திவாலாயிற்று.

ஒலியட்டை அன்று இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று, ஒலியைக் கணக்கிடுதல்: குரல்களைக் கலத்தல், எதிரொலி சேர்த்தல் முதலியன. மற்றொன்று, எண்களை மின்னலைகளாகவும் மின்னலைகளை எண்களாகவும் மாற்றுதல். முதல் வேலைக்கு அன்றைய செயலிகளுக்கு வலுவில்லை. ஆதலால் தனி அட்டை இன்றியமையாததாக இருந்தது.

செயலி வலுப்பெற்றதும் நிலைமை மாறியது. 1997-இல் இன்டெல் வகுத்த ஏ.சி.97 என்னும் தரமுறை, கணக்கீட்டைச் செயலியிடமே ஒப்படைத்து, மாற்றும் பணிக்கு மட்டும் தாய்ப்பலகையில் ஒரு மலிவான சில்லை வைத்தது. 2004-இல் எச்.டி. ஆடியோ அதனை மேலும் செம்மையாக்கியது. 2007-இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிக்கலவையை முற்றிலும் மென்பொருளின் பொறுப்பாக்கியது. அட்டைக்கு நேரே வேலை கொடுத்துவந்த பழைய வழி அடைபட்டது. ஒலியட்டையின் முதல் வேலை அத்தோடு பெரும்பாலும் முடிந்தது எனலாம்.

எஞ்சியது மாற்றும் வேலை மட்டுமே. தாய்ப்பலகைச் சில்லுகளும் இன்று அதை நன்றாகவே செய்கின்றன. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் பெரும்பாலோர்க்கு அவை போதும். யூ.எஸ்.பி. அல்லது புளூடூத் வழி இணையும் காதணிக் கருவியைப் பயன்படுத்துவோர்க்கோ ஒலியட்டையால் ஒரு பயனும் இல்லை; எண்களை ஒலியாக்கும் சில்லு அக்கருவியிலேயே இருக்கிறது.

கம்பியால் இணைத்த ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டால், கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின் இடையூறு காரணமாக இருக்கலாம். அப்போதும் பெட்டிக்குள் இன்னோர் அட்டையைச் செருகுவதைவிட, யூ.எஸ்.பி. வழி வெளியே இணைக்கும் ஒலிமாற்றியே பொருத்தமானது. இடையூற்றின் இருப்பிடத்திலிருந்து அது விலகி நிற்கிறது.

ஒலியைப் பதிவு செய்வோர் நிலை வேறு. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்ற விரும்புவோர்க்குத் தாய்ப்பலகையின் 'லைன் இன்' வாயிலே பெரும்பாலும் போதும். நாடாவின் சொந்த இரைச்சல் சில்லின் இரைச்சலைவிட மிகுதி. ஆனால் ஒரு முதியவரின் பாட்டையோ கதையையோ ஒலிவாங்கி வைத்து நேரே பதிய விரும்பினால், கணினியின் ஒலிவாங்கி வாயிலை நம்ப வேண்டாம். நல்ல முன்பெருக்கியும், தேவைப்படும் ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் மின்சாரமும் தரும் வெளிக்கருவிக்குச் செலவிடுவது தகும். கேட்கும்போது நேரும் குறையை நாளை வேறொரு கருவியில் கேட்டு நீக்கிக்கொள்ளலாம். பதியும்போது நேரும் குறை பதிவோடே தங்கிவிடும். பாடியவர் மறுமுறை பாட இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.