சிறார் மாயப் புதினங்களும் வயதுப் பொருத்தமும்: அமெரிக்க நூல்தேர்வு வரலாறு (1906–1978)

முன்னுரை

8 முதல் 12 வயது வரையுள்ள வாசகர்களை இன்றைய அமெரிக்கப் பதிப்புலகம் இடைநிலைச் சிறார் எனத் தனியே வகைப்படுத்துகிறது. படக்கதைகளைக் கடந்துவிட்ட, இளையோர் புதினங்களை இன்னும் எட்டாத பருவம் இது. மாயமும் மனநெகிழ்வும் கலந்த புதினங்கள் இப்பருவத்தினருக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றன. எனினும், இன்று தயக்கமின்றிப் பரிந்துரைக்கப்படும் நூல்கள் சில, ஒரு காலத்தில் சிறார்க்கு ஏற்றவையல்ல என மறுக்கப்பட்டவை. மறுத்தவர்கள் கைக்கொண்ட அளவுகோல்கள் யாவை, அவை எங்கே தவறின என்பதை நான்கு புதினங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலகரின் தீர்ப்பு

நியூயார்க் பொது நூலகத்தின் சிறார் பணிகளுக்கு 1906 முதல் 1941 வரை தலைமை வகித்தவர் ஆன் கரோல் மூர். சிறந்த சிறார் நூலுக்குப் பதக்கம் வழங்கலாம் என 1921இல் பிரெடரிக் மெல்ச்சர் முன்மொழிய, 1922 முதல் அமெரிக்க நூலகச் சங்கம் நியூபெரி பதக்கத்தை வழங்கிவருகிறது. இதன் தேர்வுப் பொறுப்பு சிறார் நூலகர்களைச் சார்ந்தது. பெற்றோரும் பதிப்பாளரும் நூலகரின் பட்டியலை எதிர்நோக்கும் சூழல் இவ்வாறு உருவாயிற்று.

சிறார்க்கு எழுதுமாறு ஈ.பி. ஒயிட்டை முன்பு ஊக்கியவரும் மூரே. ஆயினும் 'ஸ்டூவர்ட் லிட்டில்' புதினத்தை 1945இல் வெளியீட்டிற்கு முன் படித்த அவர், அதனை வெளியிட வேண்டாம் என நீண்ட மடல் எழுதினார். மனிதத் தாய்க்கு எலியுருவில் மகன் பிறப்பதும், அவன் நியூயார்க் நகரத்து அன்றாட வாழ்வில் இயல்பாக உலவுவதும் உண்மையையும் கற்பனையையும் குழப்பிவிடும். சிறார் இரண்டையும் பிரித்தறிய மாட்டார் என்பது அவரது அச்சங்களுள் ஒன்று. ஹார்ப்பர் நிறுவனத்தின் சிறார் நூற்பிரிவை நடத்திய அர்சுலா நார்ட்ஸ்ட்ராம் அதனைப் பொருட்படுத்தாது நூலை வெளியிட்டார். நூல் பெருவரவேற்பைப் பெற்றது. எலியுருவச் சிறுவன் வாசகர்க்குக் குழப்பமாகவில்லை. மூரின் சிறார்ப் பற்றை ஐயுற இடமில்லை. அவர் அளந்தது சிறாரின் அச்சத்தையா, தம் அச்சத்தையா என்பதே வினா.

சொல்லை எண்ணும் முறை

இதே காலத்தில் மற்றோர் அளவுகோலும் வளர்ந்தது. எட்வர்ட் தார்ண்டைக் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 10,000 சொற்களின் பட்டியலை 1921இல் வெளியிட்டார். அப்பட்டியலைப் பயன்படுத்தி, ஒரு நூல் எந்த வகுப்பு மாணவர்க்குரியது எனக் கணக்கிடும் சூத்திரத்தை 1928இல் வோகல், வாஷ்பர்ன் ஆகியோர் அமைத்தனர். வாசிப்புத் திறனை மதிப்பிட இது உதவும். கதை தரும் துயரின் எடையை இது அறியாது.

ஒயிட்டின் 'ஷார்லட்ஸ் வெப்' (1952) இதற்குச் சான்றாகும். சிலந்தி ஷார்லட், பன்றிக்குட்டி வில்பருக்குக் காலையில் கூறும் வாழ்த்துச்சொல்லே கடினமான சொல். சூத்திரக் கணக்கில் அது சுமை. கதையிலோ, அச்சொல்லின் பொருளைச் சிலந்தி விளக்குமிடத்தில்தான் நட்பு தொடங்குகிறது. மாறாக, ஷார்லட் இறக்கும் பகுதி எளிய சொற்களால் ஆனது. நூலின் பெருந்துயரமும் அதுவே. இந்நூல் 1953இல் நியூபெரி மதிப்புநூல் என்ற தகுதியைப் பெற்றது; பதக்கம் வேறொரு நூலுக்குச் சென்றது.

மாயத்தின் எல்லை

மெடலின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' 1962இல் வெளிவருமுன் பல பதிப்பகங்களால் மறுக்கப்பட்டது. இது சிறார்க்குரியதா, பெரியோர்க்குரியதா என்ற ஐயம் அம்மறுப்பில் இருந்ததை ஆசிரியரே பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். 1963இல் அந்நூல் நியூபெரி பதக்கம் பெற்றது. கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபிதியா' (1977), அவர் மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரிலிருந்து பிறந்தது. 1978இல் அதே பதக்கத்தைப் பெற்றது. ஆயினும் 1990களில் மிகுதியான எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன.

இப்புதினங்களை ஒப்பிடுகையில் ஒரு பொதுக்கூறு புலனாகிறது. வலையில் சொற்களை நெய்யும் ஷார்லட் வில்பரைக் காக்கிறாள். தன் சாவைத் தடுக்க அவளால் இயலவில்லை. விண்வெளியைக் கடந்து தந்தையை மீட்கும் மெக், தந்தையால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என அறிகிறாள். ஜெஸ், லெஸ்லி இருவரும் படைத்த கற்பனை நாடு லெஸ்லியின் உயிரைக் காக்கவில்லை. எனினும் ஜெஸ் ஒரு பாலம் அமைத்துத் தன் தங்கையை அந்நாட்டிற்கு அழைத்துச் செல்கிறான். மூன்றிலும் மாயம் இழப்பை நீக்குவதில்லை; இழப்பிற்குப் பின் செய்தற்குரிய ஒரு செயலைச் சிறுவர் கையில் தருகிறது. வில்பர் ஷார்லட்டின் முட்டைப்பையைக் காத்துக் கொணர்வதும் அத்தகையதே.

முடிவுரை

மூரின் அளவுகோல் மாயம் சிறாரைக் குழப்புமா எனக் கேட்டது. சொற்பட்டியல் சொல் எட்டுமா எனக் கேட்டது. பிற்கால எதிர்ப்பாளர்கள் சாவு போன்றவை இடம்பெறலாமா எனக் கேட்டனர். மூன்றும் நூலில் என்ன உள்ளது என்பதை நோக்கின. அது வாசகரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதை நோக்கவில்லை. மாயத்தின் எல்லை எது, இழப்பிற்குப் பின் சிறுவருடன் நிற்பவர் யார், அவர்க்குச் செய்ய எஞ்சியிருப்பது எது என்னும் வினாக்களே வயதுப் பொருத்தத்தைத் துணிய உதவுவன. பத்து வயதில் தோழரையோ பெற்றோரையோ இழக்கும் சிறுவர்க்குப் பட்டியல்கள் அத்துயரை ஒத்திவைப்பதில்லை. அத்துயருக்குரிய நூலை மறுப்பது அவரைக் காப்பதாகாது; தனித்து விடுவதேயாகும். தமிழ்ச் சிறார் புதினங்களை வகைப்படுத்தும் ஆய்வுகளும் வயது எண்ணோடு இவ்வினாக்களையும் இணைத்துக்கொள்வது பயன் தரும்.