பார்வையற்றோர் கல்வியும் பணியும் – ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கிய வரலாற்றில் பார்வையற்ற புலவர்க்குத் தனியிடம் உண்டு. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளிற் சுமக்க, மற்றவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பர். தில்லைக் கலம்பகம் அவர்தம் படைப்பு. 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். எனினும் பிள்ளைத்தமிழும் புராணமும் பாடிப் புகழ்பெற்றார். தம் முதுகில் பிறர் எழுதிக்காட்டத் தொடுவுணர்ச்சியாலேயே அவர் எழுத்துகளைக் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இவற்றைப் போற்றுவோர் ஒன்றையும் உடன் எண்ணுதல் வேண்டும். அப்புலவர்களின் கல்வி அவர்தம் அரிய நினைவாற்றலால் வந்தது. வாழ்க்கை புரவலரின் கொடையால் நடந்தது. அந்நினைவாற்றலும் புரவலரும் வாய்க்காத எளியோர்க்குக் கல்வியும் இல்லை, பணியும் இல்லை. அந்நிலை மாறத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. அம்மாற்றத்தின் வரலாறு நெடுகிலும் ஒரு வினா தொடர்ந்து வருகிறது. பார்வையற்றவரால் இயல்வது எது, இயலாதது எது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?

விரலுக்கு உரிய எழுத்து

1785இல் வாலந்தேன் ஆயி என்பார் பாரிசு நகரில் பார்வையற்ற சிறார்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அச்செழுத்துகளையே தாளில் மேடாகப் பதித்துத் தடவிப் படிக்கச் செய்தார். நன்னோக்கம் கொண்ட முயற்சியே அது. ஆயினும் அவ்வெழுத்து கண்ணுக்கு என அமைந்த வடிவம். விரல் அதனை மெல்ல மெல்லவே இனங்கண்டது. அம்முறையில் மாணவர் தாமாக எழுதவும் வழியில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் அப்பள்ளியின் மாணவரே. 1809இல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல்பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணிற் பட்டுப் பார்வையிழந்தார். சார்ல் பார்பியே என்பவர் 12 புள்ளிகளைக் கொண்டு வகுத்திருந்த குறியீட்டு முறையை அறிந்த அவர், அதனை ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல், தம் 15ஆம் அகவையில், அம்முறைக்கு வடிவம் தந்து 1829இல் நூலாகவும் வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். எழுதவும் படிக்கவும் அவை எளியவை. எனினும் பார்வையுடையோர்க்கு அது விளங்கா எழுத்தாயிருந்தமையால் எதிர்ப்பும் எழுந்தது. 1852இல் பிரெயில் மறைந்தார். பிரான்சு நாடு அவர் முறையை ஏற்றது 1854இல்தான்.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி சார்ப் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. அடுத்து 1890இல் பாளையங்கோட்டையில் ஆசுக்வித் அம்மையார் இப்பணியை மேற்கொண்டார். தமிழ்நாட்டுக்கு இவ்வகையில் முன்னோடிப் பெருமை உண்டு.

ஆனால் ஒரு நாட்டிற்குள்ளேயே பல்வேறு பிரெயில் முறைகள் வழங்கின. ஓரிடத்தில் அச்சான நூல் மற்றோரிடத்தில் பயன்படவில்லை. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்ட பின்னரே இக்குழப்பம் நீங்கியது. அவ்வாண்டே தேராதூனில் நடுவண் பிரெயில் அச்சகமும் நிறுவப்பெற்றது. இம்முறையில் இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு ஒரே குறி வழங்குகிறது. தமிழின் சிறப்பெழுத்தாகிய ழகரமும் தனக்கெனக் குறி பெற்றுள்ளது. அச்சுத் தமிழில் எகர ஒகரக் கொம்புகள் மெய்க்கு முன்னே நிற்கும். பிரெயிலிலோ மெய்யின் குறி முன்னும் உயிரின் குறி பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே அமையும்.

பணியின் வாயில்

எழுத்து கிடைத்த பின்னும் பணியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. பிரம்பு நாற்காலி பின்னுதல், கூடை முடைதல், நெசவு, இசை ஆகியனவே பார்வையற்றோர்க்கு உரியவை எனப் பிறர் வரையறுத்தனர். பட்டம் பெற்றவர்க்கும் அவ்வரையறையே முன்னின்றது. 1977இல் நடுவண் அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு அளித்தபோது அது கடைநிலை இரு பிரிவுப் பணிகளுக்கே பொருந்தியது.

இவ்வெல்லையைத் தகர்க்க முன்வந்தவர் பார்வையற்றோரே. அவர்தம் தேசியக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் குடிமைப் பணித் தேர்வைப் பிரெயிலிலோ எழுத்தர் துணையுடனோ எழுதலாம் என்று ஆணையிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டைப் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையோர்க்கும் உரியதாக்கியது. ஆனால், பொருத்தமானவை என அடையாளங் காணப்பட்ட பணிகளில் மட்டுமே ஒதுக்கீட்டைக் கணக்கிடும் வழக்கத்தால் கிடைத்த இடங்கள் குறைந்தன. அதே கூட்டமைப்பின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், மொத்தக் காலியிடங்களைக் கொண்டே அது கணக்கிடப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் மொத்த ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களையும் அளித்தது.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அப்பணியிற் சேர்ந்தது அதுவே முதன்முறை. நீதித்துறைப் பணியினின்று பார்வையற்றோரை விலக்கிய மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ‘இயலாது’ என்று பிறர் எழுதி வைத்த ஒவ்வொரு வரியும் இவ்வாறே அழிக்கப்பட வேண்டியிருந்தது.

தமிழுலகின் கடமை

இன்று கணினித் திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் கல்விக்கும் அலுவலுக்கும் பெருந்துணையாகின்றன. 2006இல் வெளிவந்து இலவசமாக வழங்கப்படும் என்விடிஏ என்பதனை உருவாக்கத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற ஆத்திரேலியர். பிரெயில் போன்றே இவரும் தமக்கு வேண்டியதைத் தாமே படைத்தவர்.

ஆனால் தமிழ் நூல்களுள் மிகப்பல அக்கருவிக்கு எட்டாதனவாய் உள்ளன. பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டவை பொருளற்ற குறிகளாக ஒலிக்கின்றன. படமாக மட்டும் எடுக்கப்பட்ட பக்கங்கள் ஒலிப்பதே இல்லை. போட்டித் தேர்வுக்குப் பயிலும் மாணவரும் ஆய்வு செய்யும் பட்டதாரியும் ஒரு நூலைப் படிக்க இன்னும் பிறர் குரலை நாடி நிற்கின்றனர். இதற்குச் சட்டம் தடையன்று. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அத்தகையோர்க்கு அணுகத்தக்க படிகளை உருவாக்க இசைவளிக்கிறது. அதே நோக்குடைய மராகேசு உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

எனவே, எஞ்சியிருப்பது பதிப்பிப்போரின் மனமும் உழைப்புமே. அச்சிடும் ஒவ்வொரு நூலுக்கும் மலருக்கும் ஒருங்குறியில் ஒரு படி ஆக்கி வைத்தல் பெருஞ்செலவன்று. அப்படியை ஆக்குமுன் பார்வையற்ற வாசகர் ஒருவரிடம் கொடுத்து, படிக்க இயல்கிறதா என்று அவரையே கேட்டறிதல் இலக்கிய அமைப்புகள் தொடங்கத்தக்க நல்லறமாகும்.