மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்



1990ஆம் ஆண்டு ஆனித் திங்களிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. மட்டுப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே பிள்ளைகளின் படிப்பு விளக்குக்கும் வண்டிக்கும் பொதுவாயிற்று. புதிய யப்பான் கார்கள் கொட்டில்களில் உறங்க, நாற்பது ஆண்டு கண்ட ஒஸ்ரின் ஏ40 வண்டிகளும் மொறிஸ் மைனர்களுமே பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளரை ஏற்றிச் சென்றன.

இக்கிழட்டு வண்டிகளுக்கு மட்டும் அது எவ்வாறு இயன்றது? விடை, சிலிண்டரின் மேல் மூடியாய் அமைந்த 'ஹெட்' என்னும் பகுதியில் இருக்கின்றது.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. மிகுதியாக அமுக்கினால் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்சினை இடிக்கும். 1948இல் வந்த முதல் மொறிஸ் மைனரில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நின்றன. 1952 முதல் வந்தவற்றிலும், ஏ40இலும் அவை ஹெட்டிலேயே அமைந்தன. எனினும் அந்நாளைய இவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழு; பிற்கால யப்பான் வண்டிகளில் அது ஒன்பதை அண்மியது. அதனினும் முக்கியமானது வேறொன்று. இவற்றில் கலவை உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருந்தன. புகைக்குழாயின் சூடு, உள்வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்கிற்று.

இத்தாலியர் இதற்கு நேர்மாறான திசையிற் சென்றனர். பியற் நிறுவனம் 1932இல் பக்க வால்வு எஞ்சினுடன் பலில்லாக் காரை விற்றது. 1937இலேயே அதன் வழிவந்த 1089 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் வால்வுகளை மேலே ஏற்றிவிட்டது. 1954இல் வந்த அல்பா றோமியோ யூலியெற்றாவின் அலுமினிய ஹெட்டில் இரண்டு கம்ஷாப்ற்றுகள். காற்று ஒரு பக்கத்தாற் புகுந்து மறு பக்கத்தால் வெளியேறும். உள்வரும் காற்றுக் குளிர்ந்திருக்க, வலு கூடும். பந்தயத்துக்கு அதுவே சிறப்பு. ஆனால் மண்ணெண்ணெய்க்கு அந்த நாகரிகம் ஒத்துவராது. பிரித்தானியரின் குறையென்று பொறியியலாளர் சொல்லத்தக்க ஒன்று எமக்கு வரமாயிற்று!

குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் உயிர்ப்பிக்க இயலாது. சாரதிமார் சிறு போத்தலிற் பொன்போற் காத்த சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு ஊட்டுவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாது எஞ்சியது சுவர்வழி வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஹெட்டிற் கரி படியும். ஆகவே ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுதல் கராஜ்களில் ஓயாத வேலையாயிற்று. அக்கால மெக்கானிக்குகளின் கைத்திறனை எழுதிவைத்தோர் மிகச் சிலரே. எம்மவர் கோயில் வரலாறு எழுதிய அளவுக்குக் கராஜ் வரலாறு எழுதவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நடக்கவியலாத முதியோர் சிலர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் இத்தகைய வண்டிகளிலேயே. சன நெரிசலில் அவை ஊர்ந்து சென்றன. எஞ்சினை நிறுத்த ஒருவரும் துணியவில்லை. மறுபடி உயிர்ப்பிக்கப் பெற்றோல் இருக்கவில்லை.