சிகிரியாவுக்குப் பக்கத்தில் எந்த ஹோட்டல்? மலை ஏறாதவர்களையும் சாரதியையும் சேர்த்து ஒரு கணக்கு

"மாத்தளையில தீம் பார்க் இருக்கா சித்தி?" ரொறன்ரோவிலிருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு வரவிருந்த அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான். இல்லை என்று எழுதிவிட்டு, பிறகு யோசித்துப் பார்த்தால் ஒன்று இருக்கிறது. வயது மட்டும் 1,500க்கு மேல்.

தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சிக்கு வந்த முதலாம் காசியப்பன் (கி.பி. 477–495) சிகிரியாக் குன்றின் உச்சியில் மாளிகையும் அடிவாரத்தில் நீர்த் தோட்டங்களும் அமைத்தான். அளகாபுரியில் வாழும் குபேரனைப் போல அவன் அங்கே வாழ்ந்தான் என்கிறது சூளவம்சம். இதை வைத்து, குபேரனின் நகரத்தை மண்ணில் கட்டிப் பார்ப்பதுதான் அவன் எண்ணமாக இருந்தது என்று தொல்லியலாளர் செனரத் பரணவிதான வாதிட்டார். ஒரு கற்பனை உலகத்தை எடுத்துக்கொண்டு அதன்படி மாளிகை, தடாகம், ஓவியம் எல்லாம் அமைப்பதற்கு இன்று தீம் பார்க் என்று பெயர். அவன் வைத்த நீரூற்றுகள் சில இன்றும் மழைக்காலத்தில் பீச்சியடிக்கின்றன. மருமகனுக்கு இதைச் சொன்னதும் அவன் கேட்ட அடுத்த கேள்வி: "பக்கத்தில நல்ல ஹோட்டல் இருக்கா?"

இருக்கிறது, நிறைய. சிக்கலும் அதுதான். எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். அதில் இருவர் மேலே ஏற மாட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால், அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். உச்சிக்குப் போக சுமார் 1,200 படிகள். ஏறுகிறவர்களுக்கு ஹோட்டல் என்பது குளித்துத் தூங்கும் இடம். ஏறாதவர்களுக்கு அந்த இரண்டு நாளும் ஹோட்டல்தான் சுற்றுலா. இந்த வித்தியாசம் புரிந்த பிறகே நான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன்.

முதலில் இடம். மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் தம்புள்ளை. அங்கிருந்து ஹபரணைப் பக்கம் ஏ6 வீதியில் இனாமலுவச் சந்தி வரை சென்று வலப்புறம் திரும்பினால் இன்னும் சுமார் 10 கிலோமீற்றரில் சிகிரியா. "சிகிரியா" என்று பெயர் போட்டிருக்கும் ஹோட்டல்கள் எல்லாம் குன்றின் காலடியில் இருப்பதாக எண்ண வேண்டாம். கண்டலமப் பக்கத்திலிருந்து போக முக்கால் மணிநேரமாவது ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன் ஏறி முடிக்க வேண்டும் என்றால் இது முக்கியம். இருட்டியபின் சிகிரியா வீதியில் யானைகள் குறுக்கிடும். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போய் வரலாம் என்ற திட்டத்தைக் கைவிடுவது நல்லது. ஆகவே ஹோட்டலிலேயே இரவு உணவும் சேர்த்துப் பதிவதுதான் நடைமுறை.

இந்தப் பகுதியில் ஆடம்பர ஹோட்டல் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஹெரிட்டன்ஸ் கண்டலம. கோட்டேயில் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெப்ரி பாவாவின் படைப்பு, 1994இல் திறக்கப்பட்டது. ஹோட்டல் உரிமையாளர்கள் முதலில் பார்த்து வைத்திருந்த இடம் சிகிரியாவின் அடிவாரம். பாவா அதை ஏற்கவில்லை. குன்றைத் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று, நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீற்றர் தள்ளி, கண்டலமக் குளத்தின் மேலே ஒரு பாறைச் சரிவைத் தெரிவு செய்தார். ஹோட்டல்காரன் பணம் வைத்திருந்தும் கட்டடக் கலைஞன் சொன்னது நடந்த அபூர்வமான கதை இது.

ஆனால் கதை அங்கே சுமுகமாக முடிந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் தம்புள்ளை விகாரையின் பிக்குகளும் சூழலியலாளர்களும் ஊர் மக்களும் அந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஹோட்டல் கழிவு குளத்தில் கலக்கும், விவசாயிகளின் தண்ணீர் கெட்டுவிடும், புனித பூமியின் அமைதி குலையும் என்பது அவர்கள் அச்சம். அந்த எதிர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டடம் இவ்வளவு கவனமாக எழுந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பிற்காலத்தில் லீட் என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற்ற உலகின் முதல் ஹோட்டலாக அது அறியப்பட்டது. இன்று குளத்துக்கு அக்கரையிலிருந்து பார்த்தால் கொடிகள் மூடிய பாறை மாதிரித்தான் தெரிகிறது.

சரி, அம்மாவுக்கு? 152 அறைகளும் பாறையைச் சுற்றி வளைந்து நீண்டு கிடக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் என்பார்கள். கட்டடக்கலை மாணவருக்கு அந்த நடைபாதையே விருந்து. முழங்கால் வலிக்காரருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போவதே ஒரு பயணம். அங்கே பதிகிறவர்கள் வரவேற்பறைக்கும் மின்தூக்கிக்கும் கிட்டிய அறையை முன்கூட்டியே, எழுத்தில் கேளுங்கள். பல்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள். குரங்குகளுக்கு உங்கள் பிஸ்கட் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அதே குளத்தின் கரையில் அமாயா லேக் இருக்கிறது. கிராமத்து வீடுகளின் பாணியில், பரந்த தோட்டத்துக்குள் தனித்தனியாக. படி ஏறும் வேலை குறைவு. ஜெட்விங் வில் உயன சிகிரியாவுக்குக் கிட்ட. கைவிடப்பட்ட வயல் நிலத்தில் செயற்கையாக ஈரநிலம் உண்டாக்கி, நடுவே கூரை வேய்ந்த வீடுகள் கட்டியிருக்கிறார்கள். இரவில் தேவாங்கு பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு எந்த ராட்டினத்தையும் விட அது பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் விலையைப் பார்த்ததும் அக்கா கணினியை மூடிவிட்டார். நீச்சல் தடாகத்தில் நின்றபடியே குன்றைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அலியா ரிசோர்ட்டைப் பார்க்கலாம்.

"குன்று தெரியும்" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பதியாதீர்கள். சில வருடங்களுக்கு முன் நான் தங்கிய ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) குன்று தெரிந்தது உண்மைதான், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் அருகே நின்றால். அறையிலிருந்தா, உணவகத்திலிருந்தா, எங்கிருந்து தெரியும் என்று கேளுங்கள். "குளம் தெரியும்" என்பதும் அப்படித்தான். ஆகஸ்ட், செப்டெம்பரில் நீர் பின்வாங்கினால் நீங்கள் பார்ப்பது புல்வெளியும் மாடுகளும். எனக்கு அது பிடிக்கும். கனடாவிலிருந்து வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். இணையத்தில் காட்டும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரிகளும் பின்னால் வருகின்றன என்று பொருள். 10 சதவீத சேவைக் கட்டணம், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரி. ஒரு லட்சம் ரூபாய் அறை ஏறக்குறைய 130,000இல் போய் நிற்கும். டிசம்பர் 24, 31ஆம் திகதிகளில் பல ஹோட்டல்கள் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கின்றன. இலங்கையில் வசிப்பவர்களுக்குத் தனி விலை உண்டு. தொலைபேசியில் கேட்டால்தான் சொல்வார்கள். குடும்பத்தில் பாதிப் பேர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தால் யார் பெயரில் எந்த அறை என்று முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் நின்று அக்காவும் தம்பியும் "நீ வெளிநாட்டுக்காரி" என்று வாதாடுவது பார்க்க நன்றாயிராது. சிகிரியா நுழைவுச்சீட்டிலும் இதே பிரிவு. தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

இனி யாரும் கேட்காத கேள்வி. சாரதி எங்கே படுப்பார்?

எங்கள் தெருவில் வான் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் எப்போதும் எங்களைக் கூட்டிப் போவார். தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடையில் நின்று, கடன் எடுத்து வான் வாங்கியவர். முன்பு ஒரு பயணத்தில், நாங்கள் ஐந்து வகை இனிப்பு வைத்திருந்த மேசையில் உட்கார்ந்திருந்த இரவில், அவர் வாகனத்தரிப்பிடத்தில் வானின் பின் இருக்கையில் படுத்திருந்தார். சாரதிகளுக்கான அறை நிறைந்துவிட்டதாம். ஜன்னலைத் திறந்தால் நுளம்பு, மூடினால் புழுக்கம். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஏ9 வீதியில் நாலந்தா தாண்டி, ஒரு வளைவில் வான் வெள்ளைக் கோட்டைக் கடந்தபோதுதான் அவர் கண் சொருகியிருந்தது தெரிந்தது. எதிரே வந்த லொறிக்காரர் விலகியதால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஹோட்டலிடமும் நான் முதலில் கேட்பது இது: சாரதிக்குக் கட்டில் உண்டா, விசிறி உண்டா, இரவுச் சாப்பாடு உண்டா, அதற்கு யார் பணம் கொடுப்பது? இந்த முறை ஆறு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருவர் உடனே தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஒருவர், "அது சாரதி பார்த்துக்கொள்வார் மிஸ்" என்றார். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் பதிந்தது படிகள் இல்லாத, தெளிவாகப் பதில் சொன்ன ஓர் இடத்தை. பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். சிகிரியாவில் அம்மாவும் அப்பாவும் நீர்த் தோட்டம் வரை சமதரையில் நடந்தார்கள்; ஏற முடியாதவர்கள் கீழேயே இருந்துவிட வேண்டியதில்லை, அங்கே நிழலும் தடாகங்களும் அருங்காட்சியகமும் உண்டு. குளவிகள் கலையாதிருக்க மௌனம் காக்கச் சொல்லும் பலகைகளை மருமகன் சத்தமாக வாசித்தபடியே மேலே போனான்.

அன்றிரவு எட்டு மணிக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கட்டில், மேசை விசிறி, நீல நிற நுளம்பு வலை.