பார்த்துச் செய்வதும் ஒளிந்து பார்ப்பதும்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைவீதியில் ஒரு காலைப் பொழுதில் புதிய வடிவில் ஒரு டி-சர்ட் தொங்கவிடப்பட்டால், அதே கழுத்து அமைப்பும் அதே அச்சும் கொண்ட இன்னொன்று சில நாள்களில் பக்கத்துக் கடையிலும் தொங்கும். இதைக் கண்டு அங்கு எவரும் வியப்பதில்லை. முதலில் செய்தவர் சற்று முணுமுணுப்பார். பிறகு அடுத்த வடிவத்தைத் தேடிப் போய்விடுவார்.

கைபேசி உலகிலும் இதுவே நடக்கிறது. ஒரு செயலியில் வந்த வசதி சில மாதங்களில் போட்டிச் செயலியிலும் வந்துவிடுகிறது. இதனோடு சேர்த்து, பயனரின் சொந்தத் தகவல்கள் திரட்டப்படுவதும் விற்கப்படுவதும் செய்தியாகின்றன. பேச்சுவாக்கில் இரண்டையும் ஒரே குற்றமாக எண்ணிவிடுகிறோம். ஏறத்தாழ நூறாண்டுப் பின்னலாடை வரலாறு கொண்ட ஊரிலிருந்து பார்த்தால், இவை வெவ்வேறு என்பது விளங்கும். முன்னது தொழில் பரவும் வழி. பின்னது அமானிதத்தில் கைவைப்பது.

பார்த்துக் கற்ற ஊர்

இந்தியாவின் முதல் பின்னலாடைத் தொழில் 1893இல் கல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியது. திருப்பூரின் தொழில் வரலாற்றை எழுதியோர் பலரும், 1925 வாக்கில் குலாம் காதர் என்ற வணிகர் கையால் இயக்கும் பின்னல் இயந்திரங்களைக் கொண்டு பனியன் நெய்யத் தொடங்கியதையே இவ்வூரின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். கல்கத்தாவில் இருந்த தொழில் இங்கும் வந்தது. அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து இன்னொருவர் என்று அது பரவியது.

அடுத்த தலைமுறைகளில் கற்றல் இன்னும் நெருக்கமாயிற்று. ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவோ டெய்லராகவோ இருந்தவர், சில ஆண்டுகள் கழித்து வெளியே வந்து சொந்தமாக நான்கு தையல் இயந்திரங்களைப் போடுவார். கற்றது முதலாளியின் கூடத்தில். போட்டியிடுவதும் அதே முதலாளியோடுதான். உழைப்பையே மூலதனமாகக் கொண்டு தொழிலாளர் முதலாளிகளான இந்த வரலாற்றை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் வெள்ளை டி-சர்ட்டுகள் தேடி வந்தார். ஏற்றுமதியின் நுணுக்கத்தை முதலில் கற்ற சிலரைப் பார்த்து நூற்றுக்கணக்கானோர் கற்றனர். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஆடைகள் இங்கிருந்து கடல் கடக்கின்றன. ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்யக் கூடாது என்று அன்றே பூட்டுப் போட்டிருந்தால், இவற்றில் பெரும்பகுதி நிகழ்ந்திராது.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் போக்கிலேயே செல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமலே 50 தடவைக்கு மேல் ஆலையில் உற்பத்தி செய்துவிட்டால், அதன்மீது பதிப்புரிமை கோர முடியாது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தோருக்கும் அதிகபட்சம் 15 ஆண்டுகளே பாதுகாப்பு. பிறகு அது ஊர்ப்பொது. பிறருடைய வணிகப் பெயரையும் முத்திரையையும் ஒட்டி விற்பது வேறு. அது வாங்குபவரை ஏமாற்றுவது.

போட்டியாளரின் துணி

ஆனால் இதே ஊரில் எவரும் எளிதில் மன்னிக்காத ஒன்று உண்டு. அதை அறிய ஜாப் ஒர்க் முறையைக் கவனிக்க வேண்டும்.

ஒரு டி-சர்ட் ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகி, சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் ஆகி, பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் சென்று, தையலுக்கும் செக்கிங்குக்கும் வந்து சேரும். ஒவ்வொரு கட்டமும் வேறொருவரின் பட்டறையாக இருக்கலாம். அதே பிரிண்டிங் பட்டறையில், ஒன்றோடொன்று போட்டியிடும் இரு கம்பெனிகளின் துணிகள் அடுத்தடுத்த மேசைகளில் கிடக்கும். யார் பையர், எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குக் கப்பல் என்பவையெல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியும். கடையில் தொங்கிய ஆடையைப் பார்த்து ஒருவர் அதுபோல் செய்தால் அது போட்டி. வேலைக்குக் கொடுத்த சேம்பிளைப் பட்டறைக்காரரே போட்டியாளரிடம் காட்டினால் அது துரோகம். முதலாவதைச் செய்தவரோடு மறுநாள் தேநீர் அருந்துவார்கள். இரண்டாவதைச் செய்தவருக்கு அடுத்த ஆர்டர் வராது.

அமானிதம் என்ற சொல்லின் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றதை வரலாறு பதிவு செய்துள்ளது. ஊரைவிட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளிய மக்களின் பொருளும் அமானிதமாகவே மதிக்கப்பட்டது. பகைமை வேறு, ஒப்படைக்கப்பட்ட பொருள் வேறு.

கைபேசிக்குள் ஒரு காதர்பேட்டை

இப்போது சேம்பிள் படமும் விலையும் வங்கி விவரமும் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியே போகின்றன. குடும்பப் படங்களும், மஹல்லாச் செய்திகளும், மருத்துவ அறிக்கைகளும் அதே வழியில்தான். இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆக, அந்த நிறுவனம் நம் எல்லாருக்கும் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையாகிவிட்டது.

வாட்ஸ்அப் 2009இல் தொடங்கியது. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் (இன்றைய மெட்டா) அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அனுப்பிய படம் சில நொடிகளில் மறைந்துவிடும் ஸ்னாப்சாட் செயலியையும் வாங்க முயன்றது. அதன் நிறுவனர்கள் இணங்கவில்லை. 2016 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் இன்ஸ்டாகிராம், 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரீஸ்' வசதியைக் கொண்டுவந்தது. ஸ்னாப்சாட்டில் அதே பெயரில் இருந்த வசதிதான் அது. அப்போதைய இன்ஸ்டாகிராம் தலைவர் கெவின் சிஸ்ட்ராம், பெருமை ஸ்னாப்சாட்டுக்கே உரியது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2017 பிப்ரவரியில் அதுவே நம் வாட்ஸ்அப் 'ஸ்டேட்டஸ்' ஆயிற்று. 2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக்கைத் தடைசெய்தது. பத்து நாள்களுக்குள் இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' இங்கு அறிமுகமானது.

இவையெல்லாம் காதர்பேட்டை வழக்கம்தான். தொங்கவிட்ட சட்டையைப் பார்த்துச் செய்தார்கள். சிறிய நிறுவனத்திற்கு இழப்பு உண்டு. அதன் மனவருத்தத்திலும் நியாயம் உண்டு. எனினும் ஒளிவுமறைவு இல்லை.

கதவின் துவாரம்

ஒளிவுமறைவு வேறோர் இடத்தில் இருந்தது. 2013இல் ஃபேஸ்புக், ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை வாங்கியது. அதன் செயலி, உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி மக்களின் கைபேசியில் ஏறியது. அதைப் பயன்படுத்துவோரின் இணையப் போக்குவரத்து முழுவதும் அதன் வழியே சென்றது. எந்தச் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்ற கணக்கு அதன் மூலம் ஃபேஸ்புக்குக்குக் கிடைத்தது. வாட்ஸ்அப்பின் வேகமான வளர்ச்சியை இத்தகவல்கள் காட்டியதை, 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட உள்ஆவணங்கள் தெரிவித்தன. ஸ்னாப்சாட்டின் பயன்பாட்டை மறையாக்கத்தையும் மீறி அறிய வழி காணுமாறு, 2016 ஜூனில் மார்க் சக்கர்பெர்க் எழுதிய மின்னஞ்சல் 2024இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளிவந்தது. ஒனாவோ செயலி பயனர்களைத் தவறாக வழிநடத்தியது என்பதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இது சட்டையைப் பார்த்துச் செய்வதன்று. இரவுக் காவலுக்கு வைத்த ஆளே, பக்கத்துக் கம்பெனிக்கு என்ன துணி போகிறது என்று நம் வாசலில் நின்று கணக்கெடுத்துக் கொடுப்பது போன்றது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் ஒருவர் கதவுத் துவாரம் வழியே பார்த்த நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் வருகிறது. நுழைய அனுமதி கேட்கும் சட்டம் ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று அவர்கள் அப்போது உணர்த்தினார்கள். கால் உள்ளே வைக்காவிட்டாலும் கண் நுழைந்துவிட்டால் எல்லை மீறியாயிற்று.

ரசீதே சொல்லிவிடும்

வாட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. அனுப்பியவரும் பெற்றவரும் அன்றி நிறுவனம் அதைப் படிக்க இயலாது. அப்படியாயின் என்ன கவலை என்று கேட்கலாம். லாரி ஆபீஸை நினைத்துப் பாருங்கள். பண்டல் கட்டி, தைத்து, உள்ளே இருப்பது தெரியாமல்தான் போகிறது. ஆனால் ரசீதில் அனுப்புநர், பெறுநர், எடை, தேதி எல்லாம் உண்டு. ஓராண்டு ரசீதுகளை வரிசையாக அடுக்கினால், பண்டலைப் பிரிக்காமலே ஒரு கம்பெனியின் வியாபாரம் முழுவதும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் தன்னிடமுள்ள இத்தகைய பயனர் தகவல்களைத் தாய் நிறுவனத்தோடு பகிர 2016இல் கொள்கை வகுத்தது. 2021இல், ஏற்காதோர் செயலியைத் தொடர இயலாது என்ற முறையில் புதிய கொள்கையை முன்வைத்தது. இடையில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், 2021 கொள்கைக்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்திற்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, அந்தத் தடையை நீக்கியது.

அபராதம் விதித்தது போட்டியை மேற்பார்வையிடும் ஆணையம் என்பது கவனத்திற்குரியது. வேறு போக்கிடம் இல்லாதவரிடம் பெறும் சம்மதம் மெய்யான சம்மதமாகாது.

நம்முடையது என்ற பெயர்

போக்கிடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்று 2025 செப்டம்பர் இறுதியில் பலர் உற்சாகமடைந்தனர். 1996இல் தொடங்கி, தென்காசி வரை கிளை பரப்பிய ஸோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'அரட்டை' செயலிக்கு மக்கள் திரண்டனர். நாளொன்றுக்கு 3,000ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். வாட்ஸ்அப்பைப் பார்த்துச் செய்த செயலிதான் அது, அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அரட்டையில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. தமிழ்ப் பெயரும் உள்ளூர் முகவரியும் மகிழ்ச்சிக்குரியவை. பூட்டு இருக்கிறதா என்ற கேள்விக்கு அவை விடையாகா.

இதைவிட நம்மை நெருக்கமாகத் தொடும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலி சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தினுடையது, உலகெங்கும் 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. அதன் பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்திற்குச் செல்வதாகவும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்பதாகவும் 2020 நவம்பரில் ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. இராணுவத்திற்குத் தாங்கள் தகவல் விற்றதாகக் கூறுவதை முஸ்லிம் ப்ரோ மறுத்தது. பெயர் நீக்கிய தகவலே பகிரப்பட்டது என்றது. எனினும் எக்ஸ்-மோடுடனான உறவை உடனே முறித்துக்கொண்டது. வழிபாட்டிடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று வந்ததைக் காட்டும் இருப்பிடத் தகவலை அந்தத் தரகு நிறுவனம் விற்பதற்கு அமெரிக்க வணிக ஆணையம் 2024 ஜனவரியில் தடை விதித்தது.

கிப்லா பார்க்கக் கைபேசியைத் திறந்தவர், தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அறிமுகமற்ற ஒரு வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செயலியின் முகப்பில் பிறையும் மினாராவும் இருந்ததால் எவரும் ஐயுறவில்லை.

கேட்கத் தெரிந்தவர்கள்

2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் 18 மாத அவகாசத்தில் நடைமுறைக்கு வருகின்றன. எந்தத் தகவல், எதற்காக என்பதைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும் என்றும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. கேட்பதற்கு நாம் வேண்டும்.

கேட்பது நம் ஊராருக்குப் புதிதன்று. புதிய பட்டறைக்குத் துணி அனுப்புமுன் இங்குள்ள எந்தக் கம்பெனிக்காரரும் விசாரிப்பார்: அங்கே வேறு யார் வேலை ஓடுகிறது? மீதித் துணி என்ன ஆகிறது? சேம்பிள் திரும்பி வருமா? பிள்ளைகளின் கைபேசியில் ஒரு செயலி ஏறும்போதும் இதே கேள்விகள் போதும். இதற்கு என்ன தேவை? அதற்கு மேல் ஏன் கேட்கிறது? திரும்பப் பெற முடியுமா?

இன்று மஃரிபுக்கு முன் ஒரு சிறு வேலை செய்யலாம். தொழுகை நேரம் காட்டும் செயலியின் அமைப்புகளைத் திறந்து, இருப்பிட அனுமதியை அணைத்துவிட்டு, ஊர்ப் பெயரை நாமே தேர்ந்தெடுக்கலாம். திருப்பூரில் சூரியன் எப்போது மறைகிறது என்று சொல்ல, அதற்குத் 'திருப்பூர்' என்ற பெயர் போதும். நாம் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது வேண்டியதில்லை.