சடுகுடு, கபடி, புரோ கபடி: ஒரே ஆட்டத்துக்கு எத்தனை விசில்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் பேரன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்து ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிற பையன். இங்கிலாந்து லீக்கில் தோளோடு தோள் இடித்தால் நடுவர் கண்டுகொள்ளாமல் ஆட விடுவார், அதே இடிக்கு ஸ்பெயினில் விசில் வந்துவிடும் என்கிறான். விதிப்புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். வீடியோ நடுவரைக்கூட ஜெர்மனியும் இத்தாலியும் 2017இலேயே கொண்டுவந்துவிட்டன, இங்கிலாந்து 2019 வரை இழுத்தது. நடுவர் எதை விடுகிறாரோ அதை வைத்துத்தான் ஆட்டக்காரன் பழகுகிறான், அதனால் ஆட்டமே நாட்டுக்கு நாடு மாறிவிடுகிறது என்பது அவன் கட்சி. "ஏங்கண்ணு, இதைத் தெரிஞ்சுக்க ஐரோப்பா வரைக்கும் போவோணுமா? நம்ம சடுகுடுல இல்லாததா?" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாறு நடத்தியவன். விசில் என் கையில் இருந்ததில்லை. ஆனால் பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் சேவூர், கருவலூர், குன்னத்தூர்ப் பக்கம் போட்டி வைத்தால், "வாத்தியார் கையெழுத்து நல்லாருக்கும்" என்று ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து நான் கண்டது இது: விதி மாறினால் வீரம் என்பதற்கே அர்த்தம் மாறிவிடுகிறது.

நாங்கள் சின்னப் பையன்களாக ஆடியது சடுகுடு. சுண்ணாம்பில் நடுக்கோடு ஒன்று, சுற்றி ஒரு கட்டம், அவ்வளவுதான். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் திரும்ப வேண்டும். கடிகாரம் கிடையாது. நடுவர் என்று நின்ற பெரியவருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பாட்டு எங்கே அறுந்தது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அதனால் அன்றைக்குப் பெரிய ஆட்டக்காரன் என்றால் நெஞ்சுக்கூடு அகன்றவன். கிணற்றில் முங்கு நீச்சல் அடித்து மூச்சுப் பழகியவர்களை எனக்குத் தெரியும்.

இதே ஆட்டம் மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு, ஆந்திரத்தில் செடுகுடு. ஆளாளுக்கு ஒரு விதி. இதைக் காகிதத்தில் எழுதி ஒழுங்குபடுத்த முதலில் முனைந்தவர்கள் மராட்டியர்கள், 1920களில். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன ஒரு உடற்பயிற்சிக் குழு இதை அங்கே ஆடிக் காட்டியது. 1938இல் கல்கத்தாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் இடம் கிடைத்தது. 1950இல் அகில இந்திய கபடி சம்மேளனம் அமைந்தது.

அப்போது நாட்டில் மூன்று வகை ஆட்டம் இருந்தது. வரலாற்று வாத்தியாருக்கு ருசியான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காமினி என்ற வகையில் அவுட் ஆனவன் ஆனவன்தான், ஒரு பக்கத்து ஆட்கள் முழுதும் காலியாகும் வரை வெளியே உட்கார வேண்டும். அமர் வகையில் அவுட் ஆனாலும் யாரும் வெளியே போவதில்லை, புள்ளி மட்டும் ஏறும். பெயரே அமர், சாவில்லாதது. சஞ்சீவனியில் எதிராளி ஒருவன் அவுட் ஆனால் நம்மில் வெளியே இருப்பவன் ஒருவனுக்கு உயிர் வரும். சஞ்சீவி மூலிகைக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

எண்ணுகிற முறைதான் வேறு, ஆனால் ஆடுகிற விதம் தலைகீழாகிறது. காமினியில் எல்லோரும் பதுங்குவார்கள், ஏனென்றால் ஒருமுறை போனால் போனதுதான். அமரில் பயமே கிடையாது, விழுந்து விழுந்து பிடிப்பார்கள். சஞ்சீவனியில்தான் கணக்கு வேண்டும்: யாரைத் தொட்டால் யாருக்கு உயிர் வரும், எதிரணியை மொத்தமாகக் காலி செய்து லோனாவின் 2 புள்ளியை எப்போது எடுப்பது. சம்மேளனம் கடைசியில் சஞ்சீவனி வழியைத்தான் பிடித்தது. என் அபிப்பிராயத்தில் சரியான முடிவு. பஞ்சாப்காரர்கள் மட்டும் இன்றைக்கும் வட்ட மைதானத்தில் தனியாக ஒன்று ஆடுகிறார்கள். அங்கே பாடி வருபவனை ஒரு நேரத்தில் ஒருவன்தான் பிடிக்கலாம். கனடா, இங்கிலாந்து வரை போன ஆட்டம் அது. நம் ஆட்களை அதில் இறக்கினால் மல்யுத்தம் என்றுதான் நினைப்பார்கள்.

1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி சேர்ந்தது. இந்தியா தங்கம் வாங்கிய அந்த அணியில் நம் தமிழ்நாட்டு ராஜரத்தினம் இருந்தார். 1994 ஹிரோஷிமாவில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன். அதற்குப் பிறகு கபடி என்றால் ஊர்ப் பையன்களுக்கு வேலை என்று அர்த்தமானது. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் போனவர்கள் எத்தனை பேர்! அங்கேதான் விதி வயிற்றுப்பாட்டு விஷயம் ஆகிறது.

என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் அன்று எங்கள் பக்கத்துப் போட்டிகள் பலவற்றில் போனஸ் கோடே போட மாட்டார்கள். தேர்வு முகாமுக்குப் போனான். எதிரணிப் பையன்கள் யாரையும் தொடாமல் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுப் புள்ளியோடு திரும்பினார்கள். இவன் "தொடவே இல்லையே" என்று நின்றான். ஆறு பேருக்குக் குறையாமல் எதிரே நிற்கும்போது அப்படிக் கால் வைத்தால் ஒரு புள்ளி என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வருடம் போனது, அடுத்த வருடம் வயது போனது. இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறான். முதல் வேலையாகக் கோடுகளைத்தான் போடுவான், டேப் வைத்து அளந்து.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்தது. முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணிக்குப் பயிற்சியாளர் நம் ஊர் கா. பாஸ்கரன். செம்மண் போய் மேட் வந்தது, வெறுங்கால் போய் ஷூ வந்தது. பாடிப் போவதற்கு 30 விநாடி. இரண்டு ரைடு வெறும் கையோடு வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. 'கபடி கபடி' என்று சொல்வது இன்றும் விதியில் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு சொல்வது கடிகாரம். பெரியவரின் காதுக்கு வேலை போய்விட்டது. மூச்சுக்காரனின் இடத்தில் அரை விநாடியில் இடுப்பைத் திருப்புகிறவன் வந்தான். பழைய ஆட்கள் இதற்காக வருத்தப்படுவார்கள். எனக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் நேரத்தைக் கடத்திக்கொண்டு நிற்கிற அந்தக் காலத்து இரண்டாம் பாதிகளை மேசையில் உட்கார்ந்து எழுதியவன் நான். மூன்றாவது ரைடு விதி வந்தது நல்லதே.

லீக்கில் ஈரான்காரர்களும் வந்து ஆடினார்கள். மல்யுத்தம் ஊறிய நாடு, பிடித்தால் விட மாட்டார்கள். நம் கார்னர், கவர் நுணுக்கங்களை நம்மோடு ஆடியே கற்றார்கள். 2018 ஆசியப் போட்டி அரையிறுதியில் நம் ஆண்கள் அணியைத் தோற்கடித்தார்கள். அதுவரை ஏழு முறை தொடர்ந்து தங்கம் நமக்கு. பெண்கள் இறுதியிலும் ஈரான்தான் வென்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின்!

இனி 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ. ஆண்கள் இறுதியில் மீண்டும் இந்தியா, ஈரான். 28-28. இன்னும் ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. கேப்டன் பவன் செராவத் பாடிப் போகிறார். நம் தமிழ் தலைவாஸ் 2022இல் பெரிய விலை கொடுத்து எடுத்த அதே பவன். ஆடுகளத்தின் 10 மீட்டர் அகலத்தில் இரு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. யாரையாவது தொட்ட பிறகுதான் லாபி ஆடுகளத்தோடு சேரும். பவன் யாரையும் தொடாமல் லாபிக்குள் போய்விட்டார். அவரைத் துரத்தி ஈரான் ஆட்களும் போய்விட்டார்கள்.

பழைய சர்வதேச விதிப்படி தொடாமல் லாபிக்குள் போன அத்தனை பேரும் அவுட். லீக்கில் வழக்கத்துக்கு வந்த புது விதிப்படி, பாடிப் போனவர் லாபியில் கால் வைத்த கணமே அவர் மட்டும் அவுட், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பழையதென்றால் இந்தியாவுக்குக் கொத்தாகப் புள்ளி. புதியதென்றால் ஈரானுக்கு ஒன்று. தீர்ப்பு ஒரு பக்கம் போகும், திரும்பும். நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள், பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய விதி செல்லும் என்றாகி இந்தியா 33-29இல் வென்றது.

தங்கம் நமக்குத்தான், சந்தோஷம். ஆனால் இரண்டு பக்கமும் நின்றவர்களில் பலர் ஒரே லீக்கில் ஒரே விசிலுக்குப் பழகியவர்கள். லீக் ஒரு புத்தகம், சர்வதேசப் போட்டி இன்னொரு புத்தகம் என்றால் ஓடுகிற ஓட்டத்தில் கால் எந்தப் புத்தகத்தைக் கேட்கும்? ஈரான் பையன்கள் கோபப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கட்டிங் மாஸ்டர் மாணவன் அன்று நின்ற அதே நிலை, உலக மேடையில்.

நம் ஊர்ப் போட்டி நோட்டீஸில் கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது. வருகிற பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கப்போகிற தம்பிகள் அதற்கு மேலே இன்னொரு வரி சேர்த்து அடியுங்கள். லாபிக்கு எந்த விதி, போனஸ் உண்டா, ரைடுக்கு எத்தனை விநாடி. இடம் போதவில்லை என்றால் நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரை எடுத்துவிடுங்கள்.