ஒளியின் எல்லையும் ஐயத்தின் பயனும்

ஒளியினும் விரைந்து செல்லவல்ல பொருள் எதுவும் இல்லை என்பது இன்றைய விஞ்ஞானத்தின் கூற்று. அண்டம் ஓயாது விரிந்துகொண்டே செல்கின்றது என்பது அதன் மற்றொரு கூற்று. இவ்விரண்டையும் முதன்முறை கேட்போர் ஐயுறுவது இயல்பே. அவ்வாறு ஐயுற்றோர் கல்லாதார் மட்டும் அல்லர். வானியலையே வாழ்வாகக் கொண்ட பேரறிஞரும் ஐயுற்றனர். அவ்வையங்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு தீர்ந்தன என்பதை அறிந்தால்தான் இக்கூற்றுகளின் உறுதியும் விளங்கும்.

ஒளிக்கு வேகம் என ஒன்று உண்டு என்பதே முதலில் ஐயத்துக்கு இடமாயிற்று. 1676-ஆம் ஆண்டில், பாரிஸ் வானாய்வுக்கூடத்திற் பணிபுரிந்த தென்மார்க்கு நாட்டறிஞர் ஓலே றோமர், ஓர் அறிவித்தல் செய்தார். வியாழனின் சந்திரன்களுள் ஒன்றாகிய அயோ, நவம்பர் 9-ஆம் நாள், வியாழனின் நிழலினின்று வெளிப்படுதல் கணித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தியே காணப்படும் என்றார். பூமி வியாழனை விட்டு விலகும்போது ஒளி கடக்கவேண்டிய வழி நீளுகின்றது. அவ்வழியைக் கடத்தற்கு ஒளிக்கும் நேரம் வேண்டும் என்பது அவர் விளக்கம். சொல்லியவாறே தாமதம் நிகழ்ந்தது.

ஆயினும், அவ்வாய்வுக்கூடத்தின் தலைவர் கசினி இவ்விளக்கத்தை ஏற்றாரல்லர். ஒளியே காரணமாயின், வியாழனின் ஏனைய சந்திரன்களிலும் அதே தாமதம் தோன்றவேண்டுமன்றோ என அவர் வினவினார். அது பிடிவாதத்தின் பாற்பட்ட வினா அன்று. அக்காலக் கருவிகளும் அட்டவணைகளும் அதற்கு விடைகூற வலியற்றிருந்தன. இருவரும் மறைந்தபின், 1729-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பிராட்லி என்னும் ஆங்கிலேயர், பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் ஆண்டுதோறும் சிறிதே இடம் பெயர்ந்து தோன்றுவதைக் காட்டி, ஒளிக்கு வேகம் உண்டென்பதை ஐயந்திரிபற நிலைநாட்டினார்.

அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 299,792 கிலோமீற்றர். இதுவே எல்லை என்னும் கருத்து, 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்புக் கொள்கையினின்று பிறந்தது. திணிவுடைய ஒரு பொருள் அவ்வேகத்தை நெருங்க நெருங்க, அதனை மேலும் உந்துதற்கு வேண்டிய சக்தி அளவின்றிப் பெருகும். ஆதலின் அவ்வேகத்தை அது எய்துதல் ஒருநாளும் இயலாது.

அண்டத்தின் விரிவைப் பற்றி எழுந்த ஐயம் இதனினும் பெரிது. 1927-ஆம் ஆண்டில், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குரு லெமேத்ர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக்கொண்டே அண்டம் விரிகின்றது எனக் காட்டினார். ஐன்ஸ்டைனோ கணக்கை ஏற்று, கருத்தைத் தள்ளினார். 1929-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் வில்சன் மலைத் தொலைகாட்டியைப் பயன்படுத்திய எட்வின் ஹபிள், தொலைவிலுள்ள உடுத்தொகுதிகளின் ஒளி தொலைவுக்கேற்பச் சிவப்பை நோக்கி நகர்ந்திருத்தலை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி, உடுத்தொகுதிகள் விலகிச் செல்லவில்லை. நெடுவழி வந்த ஒளியே களைத்துச் சக்தியிழந்து சிவக்கின்றது என வாதித்தார். ஹபிளுங்கூட, தாம் கண்ட சிவப்பு நகர்வு உண்மையான ஓட்டத்தையே குறிக்கும் என உறுதிகூறத் தயங்கினார்.

இவ்வையத்துக்கு வலிய காரணம் ஒன்றும் இருந்தது. ஹபிளின் கணக்குப்படி அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. பூமியின் பாறைகளோ அதனினும் மூத்தவை எனக் கதிர்த்தொழிற்பாட்டு ஆய்வு காட்டிற்று. தாயினும் மகள் மூத்தவளாதல் எங்ஙனம்? இச்சிக்கலுக்கிடையே, 1948-ஆம் ஆண்டில், பிரெட் ஹொயில், பொண்டி, கோல்ட் ஆகிய மூவர், அண்டம் விரிவது உண்மையே. எனினும் அதற்குத் தொடக்கம் என ஒன்று இல்லை. இடைவெளிகளிற் புதுப்பொருள் தோன்றி நிரப்புகின்றது என்றனர். 1949-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள், பிரித்தானிய வானொலியில் உரையாற்றிய ஹொயில், எதிர்த்தரப்பாரின் கொள்கையைச் சுட்டுதற்குப் ‘பெரு வெடிப்பு’ என்னும் பெயரை வழங்கினார். எதிர்ப்பாளர் இட்ட அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

வாதம் சொல்லால் தீர்ந்ததன்று. 1952-ஆம் ஆண்டில் வால்டர் பாடே, உடுத்தொகுதிகளின் தொலைவை அளந்த கோலே பிழையென்றும், அவை கருதியதினும் இருமடங்கு தொலைவில் உள்ளன என்றும் காட்டினார். அண்டத்தின் வயதும் அதற்கேற்ப உயர்ந்தது. இன்று அது 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகின்றது. 1965-ஆம் ஆண்டில் பென்சியாசும் வில்சனும், வானின் எத்திசையிலிருந்தும் ஒரே சீராக வரும் மெல்லிய கதிர்வீச்சை அறிவித்தனர். வெப்பமிக்க தொடக்கத்தின் எச்சமாகிய அதற்கு ஹொயிலின் கொள்கையில் இயல்பான இடம் இல்லை. 1990-களில், தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகள் மங்குதற்கு அண்மையிலுள்ளவற்றினும் நீண்டகாலம் எடுப்பது அளந்தறியப்பட்டது. வெளி விரியுமாயின் காலமும் அவ்வாறே நீண்டு தோன்றவேண்டும். களைத்த ஒளியோ சிவக்குமேயன்றி, நிகழ்ச்சியை நீட்டாது. சுவிக்கியின் ஐயம் அத்துடன் தீர்ந்தது.

இங்கே மற்றொரு வினா எழும். மிகத் தொலைவிலுள்ள உடுத்தொகுதிகள் ஒளியினும் விரைவாக விலகுகின்றன என்பர். அங்ஙனமாயின் எல்லை மீறப்படவில்லையா? மீறப்படவில்லை. அவ்வெல்லை வெளியினூடே ஓடும் பொருளுக்கு உரியது. உடுத்தொகுதிகளோ ஓடுவன அல்ல. அவற்றிடையேயுள்ள வெளியே விரிகின்றது. பொங்கும் மாவில் பதிந்த எள்மணிகள் இடம்விட்டு ஊராமலே ஒன்றைவிட்டொன்று விலகுதல் போன்றது அது.

2011-ஆம் ஆண்டில், வேக எல்லையே நேராகச் சோதனைக்கு உள்ளாயிற்று. ஜெனீவாவுக்கு அருகிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வுக்கூடத்துக்கு, ஏறத்தாழ 730 கிலோமீற்றர் கடந்து வந்த நியூத்திரினோத் துணிக்கைகள், ஒளியை முந்திச் செக்கனின் நூறு கோடியில் 60 பங்கு முன்னதாக வந்தன எனக் கணிக்கப்பட்டது. ஆய்வாளர் அதனை மறைக்கவுமில்லை. புதுயுகம் பிறந்ததெனப் பறைசாற்றவுமில்லை. பிழை காணுமாறு உலகை வேண்டினர். 1987-ஆம் ஆண்டில் காணப்பட்ட விண்மீன் வெடிப்பின் நியூத்திரினோக்கள், அத்தகைய வேகம் உடையனவாயின், ஒளிக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னரே பூமியை அடைந்திருக்கவேண்டும். அவையோ சில மணி நேரமே முந்தின என்பது அப்போதே நினைவூட்டப்பட்டது. 2012-ஆம் ஆண்டில், செவ்வனே பொருத்தப்படாத ஒளியிழை வடம் ஒன்றே பெரும்பிழைக்குக் காரணமெனத் தெரிந்தது. ஒளியின் எல்லை நிலைத்தது.

கசினி, சுவிக்கி, ஹொயில் ஆகியோர் தோற்றவர் எனக் கூறுதல் எளிது. ஆயின் அவர்கள் வினவியிராவிடில், அளவுகோலின் பிழையை எவரும் அவ்வளவு முனைந்து தேடியிரார். அண்டம் விரியும் வேகத்தை இருவேறு வழிகளில் அளப்போர் இன்றும் ஒத்த விடை காணவில்லை. ஒரு வழியில் 67 எனவும் மற்றொன்றில் 73 எனவும் வருகின்றது. ஆகவே ஐயத்துக்கு இன்னும் பணி உண்டு. தன்னை எவ்வாறு தீர்க்கலாம் என்பதையும் உடன்கூறும் ஐயமே அறிவை வளர்க்கும்; எச்சான்றுக்கும் இணங்காத ஐயம், ஆராயாத நம்பிக்கையின் மறுவடிவமே ஆகும்.